வாய மோந்து பாரு

கருணாபுரத்தில் விஷம் என்றால் ஒன்றுதான், கள்ளச்சாராயம். அதைக் குடித்து ஊரில் அத்தனை பேர் செத்த பிறகு, எங்கள் தெருவில் ஒரு ஆம்பிளை கால் தடுமாறினாலே எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சாவுகளில் என் அண்ணன் இரண்டு கூட்டாளிகளைப் பறிகொடுத்தான். அன்றோடு குடியை விட்டான். என் தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்தான்.

போன வருஷம் கரும்பு வெட்டும்போது கத்தி அவன் கணுக்காலில் பட்டது. பெரிய காயமில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனான். நான்காம் நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் சொருகியது, பேச்சு குழறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாண்ணா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? சாவுறதுன்னா எங்கனா போய்ச் சாவு!"

"குடிக்கல பாப்பா," என்றான். "வேணும்னா வாய மோந்து பாரு."

நான் பார்க்கவில்லை. எத்தனை குடிகாரன் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! தெளியட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் சோறு போட வந்தால், நெற்றி அனலாகக் கொதிக்கிறது. கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்திருக்கிறது. ஐயோ என்று அலறி, ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"ரத்தத்துல விஷம் கலந்திருக்கும்மா," என்றார் டாக்டரம்மா.

"பாவி, குடிச்சிட்டுத்தான் இருந்திருக்கான்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சாராயம் இல்லம்மா. காயத்துல பூந்த கிருமி கக்குற விஷம். அது சதையை அரிச்சு, ரத்தக்குழாய் சுவத்துலயும் ஓட்டை போடுது. அந்த வழியா கிருமி ரத்தத்துல எறங்கிடுச்சு. அதோட சண்டை போட்டே உடம்பு ஓஞ்சிபோச்சு, பிரஷர் கம்மியாயிடுச்சு. மூளைக்கு ரத்தம் பத்தாமதான் ஒளறியிருக்காரு. காலையிலயே வந்திருந்தா..."

இரண்டு நாள் மருந்து ஏறியது. அண்ணன் கண் திறக்கவே இல்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெருவே கூடி நின்றது. பக்கத்து வீட்டுக்காரி என் காதோரம் குனிந்து, "மறுபடியும் சாராயமா?" என்றாள்.

"எங்கண்ணன் குடிக்கலடி!" என்று கத்தினேன். "வேணும்னா வாய மோந்து பாரு!"

அவளும் பார்க்கவில்லை.