தம்பியின் இலை

எனக்கு வாய் நீளம். பிறந்த ஊரிலும் வாக்கப்பட்ட ஊரிலும் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலும் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அதுதான். அந்த வாயால் என் தம்பியிடம் கடைசியாகச் சொன்னதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தைரியம் வராது. "இந்த வாசலத் தாண்டுன, இனி என் மூஞ்சில முழிக்காத."

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தை மாதம் அது. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் சின்ன வெங்காயம் பிடுங்கும் நேரம். அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து வெயிலில் குனிந்துகிடக்கிறேன். இவனோ பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறான். கோபம் வருமா வராதா? சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

"வாரப்ப பஞ்சாமிர்தம் வாங்கியாரேன்க்கா. அதத் தின்னாலாவது ஒன் வாயி இனிக்குதான்னு பாப்போம்."

ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில், "காலு வலிக்குது, முன்னாடி போங்க, செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்று கூடப் போனவர்களிடம் சொன்னானாம். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, மடம், பஸ் ஸ்டாண்டு எதையும் நாங்கள் விடவில்லை. போட்டோவை நீட்டியபோது அந்த டீக்கடைக்காரர் பாவமாகப் பார்த்தார். "ஏனுங்க, தை மாசம் பூரா பச்சை வேட்டியாத்தான் போகுதுங்க. நான் எந்த மொகத்தைங்க ஞாபகம் வெச்சுக்கறது?" என்றார். அவர் மேல் தப்பில்லை.

அம்மா மட்டும் அசரவில்லை. ஒவ்வொரு தையிலும் பாதயாத்திரைக் கூட்டம் போகும்போது ஒரு குடம் நீர்மோரோடு ரோட்டோரம் போய் நின்றுவிடுவாள். புண்ணியத்துக்குச் செய்கிறாள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். புண்ணியமாவது ஒன்றாவது. மோர் குடிக்கிறவன் தலையை நிமிர்த்தியாக வேண்டும், அப்போது முகத்தைப் பார்த்துவிடலாம்.

ஏழு வருஷம் ஆனதும் சித்தப்பா பேச்சை எடுத்தார். அப்பாவின் தம்பி, எங்கள் பங்காளிகளில் மூத்தவர். "போன உசுரு கரை சேராம அலையும் மதினி. தை அமாவாசைக்கு ஆத்துல ஒரு பிண்டம் வச்சு விட்டுருவோம்" என்றார். "உசுரோட இருக்கற பிள்ளைக்குப் பிண்டமா?" என்று அம்மா கத்தினாள். நான்தான் பத்து நாள் மல்லுக்கட்டி அவளைச் சம்மதிக்க வைத்தேன். தம்பிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் என் வாய்க்கும் சேர்த்து ஒரு முடிவு கட்டத் தவித்தேன் என்பதே நிஜம்.

ஆத்தூர்ப் பக்கம் குடகனாறு. பாதி வருஷம் மணலாகக் கிடக்கும் ஆறு, அந்த முறை அணை நிறைந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. விடிந்தும் பனி விலகவில்லை. எதிர்க்கரையே தெரியவில்லை. ஓரத்தில் நாலைந்து கொக்குகள் நின்றன. நடு ஆற்றில் ஒரு பாறை மேல் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பனிக்குள் முதலில் அது பறவை என்றே தெரியவில்லை. யாரோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

சித்தப்பா இலையில் சோற்றையும் எள்ளையும் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார். காகம் எடுத்துவிட்டால் போனவர் மனசாற வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். எடுக்கவில்லை என்றால் ஏதோ குறை. அந்தக் குறை என்ன என்று இருப்பவர்கள் யோசித்து, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாய்விட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் காகம் இறங்கும். எங்கள் பக்கத்தில் இதைச் சந்தேகப்படுகிறவர்கள் கிடையாது.

காகம் வரவில்லை. இந்தப் பனியில் எந்தக் காகம் வரும் என்று எனக்குள் இருந்த டீச்சர் சொன்னாள். "ஒன் பங்குத் தோட்டத்த ஒருத்தரும் தொடமாட்டோம்டா" என்றார் சித்தப்பா. நான், "ஏலே, வெங்காயம் கெடக்கட்டும். நான் சொன்னது தப்புலே" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, கரையோரக் கருவேல மரத்தில் இரண்டு காகங்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்று இறங்கி இலை வரைக்கும் தத்தித் தத்தி வந்தது. சட்டென்று பறந்தது. மறுபடி வந்தது, மறுபடி பறந்தது. மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தேன். அம்மா மடி நிறையக் கூழாங்கல் வைத்திருந்தாள்.

"கிறுக்கு பிடிச்சிருக்காம்மா ஒனக்கு?"

"அது தின்னுருச்சுன்னா அவன் செத்துருவான்த்தா" என்றாள்.

பெற்றவளை, ஆற்றங்கரை என்றும் பார்க்காமல், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினேன். அவள் கையில் இருந்த கல்லைக் கீழே போடவில்லை. கடைசியில் சித்தப்பா இலையை அப்படியே ஆற்றில் விட்டார்.

அடுத்த மார்கழியில் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அதே கரைக்குப் போனபோது தை பிறந்திருந்தது, அதே பனி. சித்தப்பா இரண்டு இலை போட்டார். "ஒண்ணு மதினிக்கு, ஒண்ணு அவனுக்கு. இனித் தடுக்க ஆளில்ல. தாயும் பிள்ளையும் ஒண்ணாக் கரை சேரட்டும்" என்றார். சரி என்றேன்.

காகங்கள் மரத்தில் இருந்தன. இறங்கவில்லை. தினம் விளக்கேற்றுவோம், மாட்டை விற்கமாட்டோம் என்று சித்தப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் குறை என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஊரெல்லாம் பேசுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கமாட்டேன் என்றது. கடைசியில் சொன்னேன்.

"நீ போம்மா. ரோட்டுல இனி நான் நிக்கறேன்."

காகம் இறங்கியது. அம்மாவின் இலையில் ஒரு வாய் எடுத்தது, இன்னொரு வாய் எடுத்தது. சித்தப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவள் போய்விட்டாள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. காகம் தலையைச் சாய்த்துப் பக்கத்து இலையைப் பார்த்தது. அதன் பக்கம் ஒரு தத்து தத்தியது.

காகம் பறந்தது, கொக்குகளும் பறந்தன. யார் அப்படிக் கத்தியது என்று எனக்கே தெரியவில்லை. சித்தப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்தார், அந்தக் கைக்குள் இன்னொரு கல் இருந்தது.

"ஏத்தா, நீயுமா?" என்றார்.

"பஞ்சாமிர்தம் வாங்கியாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான் சித்தப்பா" என்றேன்.