தன் மகளின் பெயரைத் தர மறுத்தவர்

சென்னிமலையிலிருந்து குமார் அழைத்தபோது நான் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பள்ளி வேன் வரும் நேரம். "அக்கா, சரசு அத்தெ போயிட்டாங்கக்கா" என்றான். குமார் சரஸ்வதியம்மாவின் தம்பி மகன். காலையில் குளித்துவிட்டு வந்து, காப்பி கொஞ்சம் ஆறட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி நின்றேன். "யாரும்மா போன்ல?" என்று திரும்பிய மகளின் தலையை நேராக்கி மீதியைப் பின்னி முடித்தேன்.

விடுப்புக் கேட்டுப் பள்ளிக்கு போன் செய்தேன். அங்கே அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். "யார் தவறினது?" என்று தலைமையாசிரியை கேட்டார். என் கணவரின் முதல் மனைவியைப் பெற்றவர் என்று எப்படிச் சொல்வது? "அம்மாங்க" என்றேன். "உங்கம்மா சின்ன வயசுலயே..." என்று அவர் இழுத்தார். "இவங்களும் அம்மாதாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் சத்துணவு டீச்சர். சென்னிமலைப் பக்கத்துப் பள்ளிகளில் அமைப்பாளராக இருந்த காலமெல்லாம், உடைந்த முட்டையை எந்தப் பிள்ளையின் தட்டிலும் வைக்க விடாதவர். அவருடைய குரலும் கோபமும் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவர் என்னவாக இருந்தார் என்பது தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

சரஸ்வதியம்மாவுக்கு ஒரே மகள், மரகதம். கணவரை இழந்தபின் தனியாக நின்று வளர்த்துப் படிக்கவைத்து, கணபதி என்ற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்த மோகனுக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமான இரண்டாம் வருடம் மரகதம் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை இல்லை. சில வருடங்கள் கழித்து அதே மோகனுக்கு நான் இரண்டாவதாக வாக்கப்பட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

போன மறு வாரமே சரஸ்வதியம்மா வந்தார். பழத்தட்டோடு வாசலில் நின்றவரிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு நேராகப் படுக்கையறைக்குப் போனார். பீரோவில் மரகதத்தின் சேலைகள் அப்படியே இருந்தன. யாருக்கும் அவற்றைத் தொட மனம் வரவில்லை. என் துணிகள் இன்னும் பெட்டியில்தான் கிடந்தன.

"ரெண்டு பை குடு கண்ணு. இதெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன். புதுசா வந்த புள்ளெ பீரோவெத் தொறக்கறதுக்குப் பயப்படக் கூடாது" என்றார். "அந்த முனையெப் புடி" என்று சேலையின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார். இருவரும் எதிரெதிரே நின்று ஒவ்வொன்றாக மடித்தோம். ரவிக்கைகளை மட்டும் அவர் என்னிடம் தரவில்லை. ஒவ்வொரு ரவிக்கையின் கொக்கிகளையும் வரிசையாக மாட்டி, தடவி, பிறகுதான் மடித்தார். அழவில்லை. முடிந்ததும் பீரோவின் காலித் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, என் பெட்டியைத் திறந்து, என் சேலைகளை அவரே எடுத்து அடுக்கினார்.

எனக்கு மகள் பிறந்தபோது வீட்டில் இரண்டு பெயர்கள் வந்து நின்றன. இரண்டும் பழைய காலத்துப் பெயர்கள். ஒன்று பாவாயி, என் அம்மாவின் பெயர். சோமனூரில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தவள். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது இறந்துபோனாள். ரேஷன் கடையில் அவள் பெயரைக் கூப்பிட்டால் வரிசையில் நிற்கும் இளசுகள் சிரிப்பார்கள். "சிரிச்சா சிரிக்கட்டும், சக்கரெ எனக்குத்தானே" என்று போய் வாங்கிக்கொள்வாள். எனக்கு ஒரு பெண் பிறந்தால் அந்தப் பெயர்தான் என்று சிறுவயதிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் ஒருவரிடமும் சொன்னதில்லை.

மற்றது மரகதம். அதைச் சொன்னவர் என் மாமியார். "ஒரு கொழந்தெயெக் கூடப் பாக்காமப் போயிட்டாளே அந்தப் புள்ளெ. அவ பேராச்சும் இந்த ஊட்டுல இருக்கட்டும் கண்ணு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் மரகதத்தின் பக்கத்தில் கடைசிவரை இருந்தவர் அவர்தான். நான் தயங்கித் தயங்கி, "எங்கம்மா பேருங்கத்தெ, பாவாயின்னு..." என்றேன். கூட இருந்த சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மாமியார் சிரிக்கவில்லை. "அதும் நல்ல பேருதான். ஆனா மரகதத்துக்கு நம்மளெ உட்டா யாரு இருக்கறா?" என்றார்.

செத்துப்போன ஒருத்தியோடு எப்படிப் போட்டி போடுவது? மறுத்தால் நான் கல்நெஞ்சக்காரி. சம்மதித்தால், நாள் முழுக்க என் குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் கணவரும் கூப்பிடுவார். கூப்பிடும்போது அவர் மனசில் யார் வருவார்கள்? பட்டறையிலிருந்து வந்து கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "உங்களுக்கு எது புடிக்குதுங்க?" என்று கேட்டேன். கழுவின கையையே மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். "ரெண்டும் நல்ல பேருதான் சுமதி. நீயும் அம்மாவும் பேசி வைங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. மரகதம் என்று முடிவாகிவிட்டது.

சரஸ்வதியம்மாவுக்கு மாமியார் முன்கூட்டிச் சொல்லவில்லை. வந்த இடத்தில் கேட்டு மகிழட்டும் என்று நினைத்தார். பெயர் வைக்கும் நாளில் அவர் குழந்தைக்கு வெள்ளிக் கொலுசோடு வந்தார். தொட்டிலில் போட்டதும் மாமியார் அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"சம்பந்தி, நீங்கதான் காதுல பேரெச் சொல்லோணும். மரகதம்னு வைக்கறமுங்க."

சரஸ்வதியம்மா குனியவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"வேண்டாமுங்க" என்றார்.

மாமியார் தன் காதில் சரியாக விழவில்லை என்பதுபோலப் பார்த்தார். "உங்க புள்ளெ பேருதானுங்க சம்பந்தி..."

"அதுதானுங்க வேண்டாங்கறேன். அவ போனதுக்கப்பறம் எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதானுங்க. அதெ நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். மரகதம்னு நான் கூப்புட்டா அவதான் வரோணும். வேற புள்ளெ ஓடியாந்தா என்னால தாங்க முடியாதுங்க."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சரஸ்வதியம்மா என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா பேரென்ன கண்ணு?"

"பாவாயிங்க."

"அதெ வைக்கோணும்னு ஆசையா உனக்கு?"

தலையாட்டினேன்.

"அப்பறம் எதுக்கு வாயெ மூடிட்டு நின்னே? பெத்தவ நீதானே? வேணும்னா வேணும்னு சொல்லிப்போடோணும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போடோணும். உனக்காக இன்னொருத்தி வந்து சொல்லுவான்னு உக்காந்திருக்கக் கூடாது."

பிறகு அவரே தொட்டிலில் குனிந்து, "பாவாயி" என்று குழந்தையின் காதில் சொன்னார். கொலுசை மாட்டினார். இலையில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் அவருக்குப் பசி நன்றாக எடுக்கும் என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

அன்று எனக்கு நிம்மதி. ஆனால் முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. 'வேற புள்ளெ' என்று அவர் சொன்னது உள்ளே குத்தியது. என் மாமியாருக்கோ பெரிய அவமானம். ஆசை ஆசையாக நீட்டியதை நாலு பேர் முன்னால் தட்டிவிட்டார்களே என்ற வருத்தம். அதன்பின் பல மாதம் சென்னிமலைக்கு எங்கள் வீட்டிலிருந்து போன் போகவில்லை. அங்கிருந்தும் வரவில்லை.

குழந்தை தவழத் தொடங்கிய சமயம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எந்தக் குழந்தைக்கும் வருவதுதான். எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல்லே ஆகாது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மோகன் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். குமாருக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் போலிருக்கிறது. மறுநாள் மதியம் பெருந்துறையில் பஸ் மாறி சரஸ்வதியம்மா வந்து நின்றார்.

மாமியார் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே இருந்தேன். மாமியார்தான் முதலில் பேசினார்.

"நான் மொத நாளே கூட்டிட்டு வந்திருந்தா அவ பொழைச்சிருப்பாளுங்க. சாதாக் காச்சல்னு நெனச்சு மாத்திரெ குடுத்துப் படுக்கவெச்சுட்டேன். இத்தனெ வருசமா உங்க மொகத்தெப் பாக்கறப்பெல்லாம் அதே நெனப்புதான். பேரெ வெச்சாலாவது உங்களுக்குக் கொஞ்சம் ஆறும்னு பாத்தேன்."

சரஸ்வதியம்மா திரும்பி அவரைப் பார்த்தார். "என்கிட்டயும் அன்னைக்கு போன்ல சொன்னாளுங்க, ஒடம்பு சுடுதுன்னு. நானும் கசாயம் வெச்சுக் குடிச்சுப்போட்டுத் தூங்கு கண்ணுன்னுதான் சொன்னேன். நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேனுங்க?"

இரண்டு பேரும் அழுதார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் என் குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறினார்கள். சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, சளிக் காய்ச்சல்தான். அதைக் கேட்டதும் சரஸ்வதியம்மா எழுந்து, "சம்பந்தி, வாங்க, ஏதாச்சும் சாப்பிட்டுப் போட்டு வரலாம். எனக்குப் பசிக்குது" என்று மாமியாரைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவர் வராத மாதம் இல்லை. பாவாயி வளர்ந்து ஓட ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அவள் பெயரைச் சுருக்கி 'பாவி' ஆக்கிவிட்டார்கள். ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். அன்று சரஸ்வதியம்மா வீட்டில் இருந்தார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் போய் நின்று, சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளை அழைத்த அதே குரலில், "பாவாயீ!" என்று தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிட்டார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். "இவ பேரு இதுதான் சாமிகளா. பாதிப் பேரு சொல்லிக் கூப்புட்டா பாதிப் புள்ளெதான் வரும். முழுசாக் கூப்புட்டுப் பழகுங்க" என்றார். பிறகு எல்லாருக்கும் முறுக்கு கொடுத்தார். இன்று அந்தத் தெருவில் அவளை யாரும் அரைப் பெயரில் அழைப்பதில்லை.

மரகதத்தைப் பற்றி அவர் சர்வ சாதாரணமாகப் பேசுவார். வெண்டைக்காய் நறுக்கும்போது, "மரகதம் இதெ வழவழன்னு இருக்குதுன்னு தொடமாட்டா" என்பார். முதலில் என் கணவர் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். போகப்போக உட்கார்ந்து கேட்டார். ஒருநாள் அவரே, "வெண்டைக்காயெ இலைக்கு அடியில ஒளிச்சுவெப்பாளுங்கத்தெ" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அந்தப் பெயர் என் மகளுக்குப் போயிருந்தால் அன்று அந்தச் சிரிப்பு வந்திருக்காது. மரகதம் எங்கள் யாருக்கும் மாற்றாக இல்லாமல், அவளாகவே அந்த வீட்டில் ஒருத்தியாக இருந்தாள். என் மகள் அவளைப் பெரியம்மா என்கிறாள்.

சென்னிமலையில் துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் என்னிடம், "நீங்க என்ன வேணுமுங்க அவங்களுக்கு?" என்று கேட்டார்கள். நான் பதில் தேடுவதற்குள் என் மாமியார், "அவங்க மக" என்றார். யாரும் மேலே கேட்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் சாவு வீட்டுக்குப் போனால், இறந்தவரின் பேச்சை எடுக்காமல் வேறு எதையாவது பேசிவிட்டு வருவேன். அதுதான் பண்பு என்று நினைத்தேன். இப்போது பெயரைச் சொல்லிக் கேட்கிறேன், அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று. சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பலர் அதற்காகவே காத்திருந்தவர்கள்போலப் பேசத் தொடங்குவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதியம்மாவின் பக்குவத்தில் பச்சைப்பயறுக் குழம்பு வைத்தேன். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "பூண்டு பத்தாது சுமதி. சரஸ்வதி திட்டுவாங்க" என்றார். நான் எழுந்துபோய் இன்னும் நாலு பல் பூண்டு உரித்தேன்.