பிரெஞ்சு மார்க்குக்கு அர்த்தம் சொல்கிறவன்

பிரெஞ்சு கற்றுத்தரப்படும் என்று மூலக்குளத்தில் மாடிப்படி ஓரமாக போர்டு மாட்டியிருக்கிறேனே தவிர, வந்த மார்க்கைப் பார்த்துவிட்டு முகம் செத்துப்போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் என் நிஜமான தொழில். கனடாவுக்கு மனுப்போட்டு, அந்த மார்க் ஷீட்டைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்த சகபாவிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

பெரிய நம்பர், சின்ன நம்பர்

கலைவாணி எங்கள் ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். வேலை நிரந்தரம் ஆகும் ஆகும் என்று சொல்லியே அவளுக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. கனடா ஒன்றுதான் வழி என்று முடிவு செய்து, நைட் டியூட்டி முடித்த கண்ணோடு என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவள். வயது ஏற ஏற குடியேற்றத்துக்கு அங்கே போடும் புள்ளி குறையும் என்பதால் அவளுக்கு எப்போதும் ஓர் அவசரம்.

முதல் ரிசல்ட்டை அவள் கணவன் செல்வம்தான் கொண்டுவந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கேட்டலில் நானூற்று நாற்பது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். எழுதியதில் இருபதுக்குப் பத்து என்று கலைவாணி அழுதுகொண்டிருந்தாள். நிலைமை நேர்மாறு. பத்து வாங்கினாலே தேவையான ஏழாம் நிலை வந்துவிடும். நானூற்று நாற்பதுதான் கொஞ்சத்தில் தவறி ஆறில் நின்றுவிட்டது. கேட்டல், படித்தல், எழுத்து, பேச்சு என்ற நாலில் ஒன்று ஆறானாலும் அவள் மனுப்போடும் வழியில் கதவு திறக்காது. இதை நான் மூன்று விதமாக விளக்கிப் பார்த்தேன்.

செல்வம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அதெல்லாம் வேணாம் சார், நூத்துக்கு எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்தா வீட்டுப் பிள்ளை

இன்னொருவர் வந்தார். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. வீட்டில் சாப்பாட்டு மேசையில் பாதிப் பேச்சு பிரெஞ்சுதான். வகுப்பே வேண்டாம் என்று நேராகப் போய்ப் பரீட்சை எழுதினார். பேச்சில் அள்ளிவிட்டார். எழுத்தில் தரைதட்டிவிட்டார். வாயில் இருக்கிற மொழியைக் கையில் கொண்டுவர அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. மார்க் ஷீட்டை என் மேசையில் விசிறிவிட்டு எழுந்து நின்றார்.

"நாங்க வூட்ல சண்டையே பிரெஞ்சுலதான்யா போடுவோம், எனக்கே ஆறா?"

ஒட்டுப்போட முடியாது

கலைவாணி மறுபடி எழுதினாள். வார்டில் மருந்து வண்டி தள்ளும்போதுகூட காதில் பிரெஞ்சுச் செய்தி ஓடியது என்று சொன்னாள். பலன் இருந்தது. கேட்டலில் ஏழாம் நிலை வந்தது. ஆனால் காதுக்கே நேரம் போனதில் கை விட்டுப்போயிற்று. போன தடவை இருபதுக்குப் பத்து வந்த எழுத்தில் இந்தத் தடவை ஒன்பது, அதாவது ஆறாம் நிலை.

இரண்டு ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதில் நல்லதை எடுத்து இதில் சேர்க்கலாமே என்றான் செல்வம். முடியாது, நான்கும் ஒரே தடவையில் வந்திருக்க வேண்டும் என்றேன். எனக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கலைவாணி டியூட்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டாள். போகிறவளைக் கையால் காட்டினான் செல்வம்.

"மொத தடவ எழுதனதும் இவதான், ரெண்டாவது தடவ கேட்டதும் இவதான். ஆள் மாறலயே சார்?"

லட்டு

மூன்றாவது தடவை வேண்டிய நிலை நான்கிலும் வந்துவிட்டது. ஏழு, ஏழு, ஏழு, பேச்சில் எட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. "இது ரெண்டு வருஷந்தான்மா உயிரோட இருக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அந்த ரெண்டு வருஷத்தில் முக்கால்வாசியை அனுபவச் சான்றிதழ் தின்றது. அவளை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு அதில் கையெழுத்துப் போட நேரமே கிடைக்கவில்லை. ஒருவழியாக ஆனி மாதக் கடைசியில், விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. போனில் கூப்பிட்டுச் சொன்னாள். உடனே விண்ணப்பத்தை அனுப்பு, மார்க் காலாவதி ஆகப்போகிறது என்றேன். சரி சார், சரி சார் என்றாள். பின்னால் ஒரே இரைச்சல், சிரிப்பு.

"வார்டுல எல்லாருக்கும் லட்டு குடுத்துட்டேன் சார், பேஷண்டுக்கு மட்டும் தரல, பாதிப்பேருக்கு சுகர்."

ஆடி போகட்டும்

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். பட்டுப்புடவை, பூ, வெற்றிலைத் தட்டு. என் கையால் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டுமாம். இன்னும் அனுப்பவில்லையா என்று கேட்டுக்கொண்டே மார்க் ஷீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தேன்.

செல்வத்துக்குச் சொந்த ஊர் வீராம்பட்டினம். ஆடி முழுக்க அம்மன் திருவிழா. மார்க் ஷீட்டை அம்மன் காலடியில் வைத்து எடுத்திருக்கிறார்கள். அழைப்புக்குப் பதில் அனுப்ப அறுபது நாள் இருக்கிறதே, ஆடி கழியட்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அனுப்புகிற அன்றைக்கு மார்க்கும் உயிரோடு இருக்க வேண்டுமே. அது ஆடியிலேயே முடிந்துவிட்டது. புதிதாகப் பரீட்சை எழுதி ரிசல்ட் வருவதற்குள் அழைப்பும் போய்விடும். அடுத்த அழைப்பு எப்போது வருமோ, அதற்குள் அவள் வயதுக்கு எத்தனை புள்ளி போகுமோ, யார் கண்டது?

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு மாசம் பொறுக்க முடியும், ஒரு போன் பண்ண முடியாதா என்று கத்தினேன். செல்வம் தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றான். "ஆடில பொண்ணு பாக்கவே போவமாட்டோம் சார், நாடு மாறப் போவோமா?" என்றான் மெதுவாக.

கலைவாணி அழவில்லை. மார்க் ஷீட்டிலிருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தெனமும் எக்ஸ்பைரி பாக்காம ஒரு ஊசி எடுக்கமாட்டேன் சார் நான்."

கேட்க, படிக்க, எழுத, பேச என்று நான்குக்கும் மார்க் போடுகிறவர்கள் காத்திருப்பதற்கும் ஒரு தாள் வைத்திருந்தால், என்னிடம் படித்த அத்தனை பேரும் இந்நேரம் கனடாவில் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.