சதுரத் துளையில் வந்த தலையணை

பிளாஸ்டிக் பட்டை பிழியும் அந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக இயந்திரம் ஓட்டியவளுக்கு 'சரிங்க சார் அக்கா' என்று பெயர். எதற்கும் மறுத்துப் பேசமாட்டாள். தலையாட்டியே ஒருவரைக் கவிழ்க்கத் தெரிந்தவளுக்கு மறுப்பு எதற்கு?

அவள் கணவர் அங்கேயே லேத் பிரிவில் டை வெட்டுபவர். டை என்றால் நடுவில் துளை போட்ட எஃகு வில்லை. உருகிய பிளாஸ்டிக் அதன் வழியாகப் பிதுங்கி, தண்ணீர்த் தொட்டியில் இறங்கி இறுகும்.

முதலாளியின் மச்சான் மேலாளராக வந்த மூன்றாம் நாள், சதுரப் பட்டைக்கான டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துளையின் நான்கு பக்கமும் உள்நோக்கி வளைந்திருந்தன.

"இத வெட்டினவருக்கு என்ன, மாறுகண்ணா?"

பட்டறை முழுக்கக் கேட்டது. கணவர் தலை குனிந்தார். அக்கா நிமிர்ந்தாள்.

விஷயம் இதுதான். குறுகிய துளைக்குள் அமுங்கி வரும் பிளாஸ்டிக், வெளியே வந்ததும் பெருமூச்சு விட்டு வீங்கும். மூலைகளைவிடப் பக்கங்களின் நடுப்பகுதி அதிகம் உப்பும். அந்த இடத்தைத் துளையிலேயே ஒடுக்கி வைத்தால்தான் ஒழுங்கான சதுரம் கிடைக்கும். கணவர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், நேர்கோட்டில் புது டை வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார் மேலாளர்.

சாப்பாட்டு வேளையில், தன்னால் அப்படி வெட்ட முடியாது என்று கணவர் புலம்பினார்.

"ஏங்க, கேட்டபடியே வெட்டிக் குடுங்க," என்றாள் அக்கா. "கோடு ஒரு இழைகூடக் கோணக் கூடாது."

இரண்டு நாள் கழித்துப் புது டையை மாட்டினார்கள். வேடிக்கை பார்க்க, மேசை செய்து விற்கும் ஓர் அம்மாளையும் மேலாளர் அழைத்து வந்திருந்தார். பட்டை தலையணை போல உப்பி வந்தது. சூடு அதிகம், குறை என்றார் மேலாளர். "சரிங்க சார்" என்று குறைத்தாள். சூடு குறைந்தால் வீக்கம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். வேகத்தைக் கூட்டச் சொன்னார். அதையும் கூட்டினாள். பட்டை இன்னும் கொழுத்தது. பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று குனிந்து செருப்பைச் சரிசெய்யும் வேலை வந்துவிட்டது.

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து விரலால் தடவினாள், இடுப்பில் அழுத்திப் பார்த்தாள். "மேசை ஓரத்துக்கு இது நல்லாருக்கே. இப்ப போடுற பட்டை எல்லாரையும் குத்துது. இதையே குடுங்க."

"உங்களுக்காகவே யோசிச்சுப் பண்ணினதும்மா," என்றார் மேலாளர், கண் இமைக்காமல்.

அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பட்டைகளைக் கட்டத் தொடங்கினாள்.

ஆனால் மறுநாள் அதே வீக்கம் வேண்டுமே. என்ன சூடு, என்ன வேகம் என்று மேலாளருக்கு எதுவும் நினைவில்லை. அக்காவிடம் கேட்டார். "அளவெல்லாம் எனக்கென்ன சார் தெரியும்? அந்த மாறுகண்ணுக்காரரத்தான் கேக்கணும்," என்றாள் பணிவாக. அளவையெல்லாம் முந்தின இரவே அவரிடம் ஒப்பித்திருந்தாள். மேலாளர் லேத் பக்கம் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, அன்று பேசியது தப்பு என்று சொல்லிவிட்டே எழுந்தார்.

அடுத்த வாரம் பழைய சதுரத்துக்கும் ஆர்டர், புதுத் தலையணைக்கும் ஆர்டர். அக்கா தினமும் இரண்டு ஷிப்ட் ஓட்டினாள்.

"வேலியில போன ஓணான நானே எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்," என்று கணவரிடம் சொன்னாள், வெந்நீரில் காலை வைத்தபடி. அவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது.