பூங்காவனம் அக்கா காதோடு சொன்ன சொல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் வந்தது; வெட்டிவிட்டேன். பிறகு ஒரு செய்தி: "ஆன்ட்டி, நான் பூங்காவனம் பையன் குமரன். அம்மா ஆஸ்பத்திரியில காலமாயிட்டாங்க." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதாக ஏற்கெனவே ஒருத்தன் எங்களிடம் கதை விட்டிருக்கிறான். நானே அந்த எண்ணைக் கூப்பிட்டேன். "நீ குமரன்னா, உங்கம்மா எனக்குக் குடுத்த வார்த்தையைச் சொல்லு பார்ப்போம்" என்று அதட்டினேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் அந்தச் சொல்லைச் சொன்னான். கிரைண்டரைக்கூட நிறுத்தாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் வேலைக்குப் போய்வந்த நமக்கு அக்காவைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவருடையது. வருகிறவர்களிடமெல்லாம் பேரும் போன் நம்பரும் கேட்பதுதான் வேலை. தன்னுடையதை மட்டும் லேசில் யாருக்கும் தரமாட்டார். யாராவது நம்பரை உரக்கச் சொல்ல ஆரம்பித்தால், "கிட்ட வந்து மெதுவா சொல்லுங்க. இங்க குந்திக்கினு இருக்கிற அத்தினி பேருமா உங்களுக்குப் போன் பண்ணப் போறாங்க?" என்பார். கன்னம் வீங்கி வந்தவர்கூடச் சிரித்துவிட்டு வலியில் முகம் சுளிப்பார்.

அக்கா ஆன்லைனில் வாங்காத பொருள் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பேர் கொடுப்பார். சேலைக் கடைக்கு முகையூர் பூங்காவனம், பாத்திரக் கடைக்கு வெறும் வனம். விழுப்புரத்தில் ஒரு பொருட்காட்சியில் குலுக்கல் சீட்டு நீட்டினார்களாம். கொறித்துக்கொண்டிருந்த வேர்க்கடலையையே, எங்கள் பக்கம் சொல்கிறபடி, பேராக எழுதிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். சில நாள் கழித்து ரயிலில் அவருக்கு ஒரு அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டார்.

"மல்லாட்டை மேடம்ங்களா? உங்களுக்கு லோன் சாங்ஷன் ஆகியிருக்குங்க."

"மல்லாட்டை இப்பதான் வெந்துக்கினு இருக்குப்பா. எறக்கினதும் பேசச் சொல்றேன்."

பெட்டியே அதிர்ந்தது. அக்கா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எவன் என் நம்பரை வித்தான்னு தெரிஞ்சிபோச்சா?" என்றார்.

பார்சல் வந்தால் மறுநாள் அட்டைப்பெட்டியோடுதான் ரயிலேறுவார். அதில் ஒட்டியிருக்கும் பேர், விலாசம், நம்பர் எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் பெட்டியை விடுவார். "உங்க அட்ரஸ் யாருக்குக்கா வேணும்?" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "யாருக்கும் வேணாம்ல? அப்போ நான் ஏன் குடுக்கணும்?" என்றார்.

அவரும் ஏமாந்திருக்கிறார், அதை மறைத்ததே இல்லை. விளம்பரத்தில் பார்த்த நைட்டிக்குப் பணம் கட்டி, ஒரு ஜன்னல் திரை வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்ப அந்தக் கடைக்கு விலாசமும் இல்லை, எடுத்துப் பேச ஆளும் இல்லை. "துணியைப் பாத்தேனே ஒழிய, கடையைப் பாக்கல" என்று அவரே பெட்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். திரையைச் சமையலறை ஜன்னலில் மாட்டி, வருகிறவர்களிடம் "என் நைட்டி எப்படி?" என்று காட்டுவார்.

ஆனால் ஒரு நாள் நடந்தது சிரிக்கிற விஷயமாக இல்லை. என் மகளுக்கு நிறைமாதம். அவள் பிரசவத்துக்காகச் சேர்த்த பணம் முழுவதும் என் போனில் இருக்கும் கணக்கில் இருந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் இருந்தபோது அக்காவின் வாட்ஸப்பிலிருந்து செய்தி வந்தது. "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் சிஸ்டர். பேச முடியாது. உடனே பணம் அனுப்பு, நாளை தருகிறேன்." அவருடைய படம், அவருடைய எண். தொகையைக்கூடப் போட்டுவிட்டேன், அனுப்பும் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த 'சிஸ்டர்' உறுத்தியது. அக்கா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் ஊர்ப் பேரைச் சொல்லி 'கெடாரு' என்றுதான் கூப்பிடுவார். வாட்ஸப்பை விட்டுவிட்டு, சாதாரண அழைப்பில் கூப்பிட்டேன்.

"இன்னாடி கெடாரு, இந்நேரத்துல?"

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க?"

"ஆமா, ஒருத்தருக்குக் கடவாப்பல்லைப் புடுங்கறாங்க. அந்தாளு கத்தறது உனக்குக் கேக்குதா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. பார்சல் கொடுக்க வருவதாகக் காலையில் ஒருத்தன் பேசியிருக்கிறான். "போனுக்கு ஒரு கோடு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறான். பார்சல்காரர்கள் வழக்கமாகக் கேட்பதுதானே என்று, எதற்கு வந்த கோடு என்று படித்துப் பார்க்காமல் சொல்லிவிட்டார். அது அவர் வாட்ஸப்பின் சாவி. "இத்தினி பேர்ல ஒளிஞ்சிக்கினு இருந்தேன், கதவை நானே தொறந்து வுட்டுட்டேனே" என்றார். என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றைக்கு நான் அழுதேன். அக்காவும் அழுதார் என்று பிறகு குமரன் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் ரயிலில் பழைய அக்காவாகத்தான் ஏறினார். "கேட்டவனுக்கெல்லாம் கோடு சொல்ற வாய்க்கு ஒரு பூட்டு போடணும்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு ஒரு சொல்லைச் சொன்னார். "இனிமே எனக்கு இன்னா ஆச்சுன்னு எவன் சொன்னாலும் சரி, இதைக் கேளு. சொன்னா நம்பு. சொல்லலைன்னா ஜல்தியா கட் பண்ணிடு. எழுதி கிழுதி வைக்காத." அப்புறம் விக்கிரவாண்டியில் எழுந்து ஒருத்தி பக்கத்தில் போனார், மயிலத்தில் இன்னொருத்தி பக்கத்தில். ஏதோ ஊர்வம்பு பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

துக்க வீட்டில் அக்காவின் படத்துக்கு முன்னால் நாம் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சமையலறை ஜன்னலில் அந்த நைட்டி ஆடிக்கொண்டிருந்தது. நம் பெட்டியில் வரும் ரேவதிதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "எனக்கு அக்கா ஒரு வார்த்தை குடுத்திருந்தாங்க. குமரன் கிட்ட அதைக் கேட்டுட்டுதான் நம்பினேன்." உனக்குமா, உனக்குமா என்று ஒவ்வொருத்தியாகத் தலை நிமிர்ந்தோம். நொந்துபோயிருந்த பிள்ளையிடம் ஒருத்தி விடாமல் விசாரணை நடத்தியிருக்கிறோம். குமரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "எழுதக் கூடாதுன்னுட்டாங்க ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில படுத்துக்கினே, யார் யாருக்கு எதுன்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வச்சாங்க." நாமும் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டோம். ஆனால் ஒருத்திகூடத் தன் சொல்லை வெளியே விடவில்லை, கவனித்தீர்களா?

அன்றைக்கு அனுப்பாமல் தப்பிய பணத்தில் பிறந்த என் பேத்தி இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு சொல்தான். அதை என் மகளின் காதில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று நாளைக்கு யாராவது சொன்னால், அவள் கேட்கட்டும். அது என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிற எவனாவது அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டால், அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது?