உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

கற்பிட்டியில் மீன் வியாபாரம் செய்கிறேன். என் குளிர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. அறையைத் திருத்த வரும், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் ரிஸ்வான் முன்பே சொல்லியும் நான் மாற்றவில்லை.

அன்று அவர் உள்ளே விசிறியைத் திருத்திக்கொண்டிருந்தார். மீன் கெட்டுவிடுமென்று கதவைச் சாத்திவிட்டு மதிய லுஹர் தொழப் போனேன். திரும்பியபோது உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் திறந்தேன். உதடு நீலமாகி நடுங்கிக்கொண்டிருந்தார்.

தேநீர் கொடுத்து, "கதவ சாத்த வேணாமெண்டு சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றேன்.

"போன முற திறந்து வெச்சதுக்கு, மீன் பழுதாப் போச்செண்டு என்ட கூலியில வெட்டினீங்களே, நானா."

வெட்டிய கூலியை அப்போதே கொடுத்தேன். மறுநாள் கைப்பிடியையும் மாற்றினேன். இப்போது அவர் வேலை முடிக்கும்வரை கதவைத் திறந்து பிடித்தபடி நானே நிற்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் கூசுகிறது.