கொரினை அழைத்துவரப் போன கார்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரியில் லோவல் பல வருடமாகத் தற்காலிக வரலாற்று ஆசிரியர். அந்த வேலை நிரந்தரமாகப்போகிறது என்றதும் அவரும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவருவது எப்போதும் அவர் பொறுப்பு. இந்த முறை வேறு ஆளை அனுப்பச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அதே வேலையின் நேர்காணலுக்கு வந்திருந்த கொரின் காரில் ஏறியதும் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "இந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா?"

"அப்ப நாங்கள்லாம் யாருங்க?" என்று லோவல் சிரித்தார். "நாளைக்கு நேர்காணல்ல உங்க உரைக்குத் தயாரா?"

"அது சும்மா பேருக்குத்தான். வேலை எனக்குத்தான்னு துறைத்தலைவி டார்சி போன வாரமே போன்ல சொல்லிட்டாங்க. நான் வீடு பாக்கத்தான் வந்தேன். இங்கயே வேலை பாக்குற ஒருத்தரும் கேட்டிருக்காராம். பாவம், மனசு நோகக்கூடாதுன்னு அவரையும் கூப்பிட்டிருக்காங்களாம்."

லோவல் கவனிக்கவில்லை; கல்லூரிக்குத் திரும்பும் சாலையைக் கார் தாண்டிப் போய்விட்டது.

"நீங்க என்ன பாடம் எடுக்குறீங்க?" என்றாள் கொரின்.

லோவல் காரை ஓரமாக நிறுத்தினார்.

"நீங்க எடுக்கப்போறதைத்தான்."

கொரினின் முகம் வெளுத்தது. லோவல் காரைத் திருப்பினார்.

"வெள்ளிக்கிழமை நேர்காணல்ல என்னோட முறை. நான் வரலைன்னு டார்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."